மாடியறையில் ஓவர்டைம்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். தங்கள் முழங்கால் வலி மட்டுப்பட்டிருக்கும் என நம்புகிறேன். “எழுத்துல குடுடா, அப்பத்தான் ஸ்விட்சைத் தொடுவேன்” என்று போனில் சொல்லிவிட்டீர்கள். ஓய்வுபெற்று ஒன்பது வருடமாகியும் இன்னும் ஆபீசில்தான் இருக்கிறீர்கள். ஆகவே எழுத்திலேயே கேட்கிறேன்: மாடியறைப் பெட்டியை அணைத்துவிடுங்கள்.

எங்கள் கிடங்கின் வருகைப்பதிவு, சரக்கு, சம்பளம் எல்லாம் ஒரே சர்வருக்குள் தனித்தனி விர்ச்சுவல் மெஷின்களாக, கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர்போல, ஓடுகின்றன. தீ பிடித்தால் எல்லாம் போச்சு, வேறு ஊரில் ஒரு நகல் வேண்டும் என்றேன். “பிடிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்றார் இரண்டு ஏசி போட்ட அறையில் இருந்த மேனேஜர். நான்தான் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றில் புது டிஸ்க் மாட்டித் தங்கள் மாடியில் வைத்தேன். மணிக்கொரு தரம் ஆபீஸ் விவரம் அங்கே வந்து சேரும். பத்து நிமிடம் ஆபீசிடமிருந்து சத்தமே இல்லையென்றால், ஆபீஸ் அழிந்தது என்று முடிவுகட்டி நகல் தானே வேலையைத் தொடங்கும். “பேப்பர்ல வராததை நம்ப மாட்டேன் மாப்ளே” என்று தாங்கள் அடம்பிடித்ததால் பிரிண்டரும் வைத்தேன்.

பன்னிரண்டு நாளுக்கு முன், விடுமுறை நாளில், அவசர ஆர்டருக்காகப் பேக்கிங் அக்காவை மட்டும் கூப்பிட்டார்கள். காலை ஏழுக்கு வருகைப்பதிவில் விரல்ரேகை வைத்து உள்ளே போனவர் மூன்று மணிக்கு அட்டைப்பெட்டிகள்மேல் சரிந்து செத்துப்போனார். “இன்னிக்கு யாருமே வரலன்னு இருக்கணும்” என்றார் மேனேஜர். நான் தயங்கவே, நெட் லைனைப் பிடுங்கிவிட்டு அவரே உட்கார்ந்து அன்றைய பதிவை அழித்தார். ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் கால் மணி நேரம். அதற்குள் தங்கள் மாடியில் நகல் விழித்துக்கொண்டது; லைன் திரும்பியும் ஆபீஸ் அழித்ததை அது ஏற்கவில்லை. மூடிய கம்பெனிக்கு உன் அம்மா எதற்குப் போனார் என்று இப்போது அக்காவின் மகளையே கேட்கிறார்கள்.

தினமும் மாலை ஆறுக்குத் தங்கள் பிரிண்டர் தள்ளுவது ஒரே வரி. நேற்றைய தாள்: பேக்கிங், ஒருவர், பணியில் 275 மணி நேரம், மாற்றாள் அனுப்பவும்.

அத்தை வேறு போனில், “அந்தப் பொண்ணு இன்னும் வீட்டுக்குப் போகலையாமேடா? மேல மூச்சு வாங்குது” என்கிறார்.

“அது கம்ப்யூட்டர் விசிறி அத்தை.”

“விசிறி உட்காந்து எந்திரிக்குமாடா?”

தண்ணீர் பாட்டில் வேறு வைத்திருக்கிறார். நான் பேயை நம்புகிறவன் அல்ல. போன வாரம் வந்து புது விசிறி மாட்டினேன். மூச்சு நிற்கவில்லை. அறையில் அட்டைப் பசை வாசனை. பாட்டில் பாதி.

இன்று மேனேஜர், “நகல் எங்கயாவது இருக்காப்பா?” என்று தோளில் கைபோட்டுக் கேட்டார். இதுவரை போட்டதில்லை. வேலை போனால் வீட்டு வாடகைக்கு வழியில்லை. பிளக்கைப் பிடுங்கி, டிஸ்க்கைத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

தங்கள் முழங்கால் படியேற இடங்கொடுக்கட்டும். அத்தைக்கு என் வணக்கம்.

கீழ்ப்படிதலுள்ள
மருமகன்

பி.கு.: மடிக்கும்போது படித்துப் பார்த்தேன். மேனேஜர் செய்ததையே நானும் எழுதிக் கேட்டிருக்கிறேன். அணைக்க வேண்டாம், இதுவும் எழுத்துதான். ஞாயிறு காலை அக்காவின் மகள் வருவாள், தாள்களைத் தேதிவாரியாகக் கொடுங்கள். “அம்மா எத்தனை மணி வரைக்கும் அங்க இருந்தாங்க?” என்றுதான் போனில் கேட்டாள்.