இருப்பதிலேயே சத்தமானது

காலை ஒன்பது அடித்ததும் எக்கார்ட் ஸ்டாங்கல் கயிற்றை இழுத்தார். புல்வெட்டும் மெஷின் இருமியது. மறுபடி இழுத்தார். புகை வந்தது. மூன்றாம் முறை கயிறு கையோடு வந்துவிட்டது.

இருபத்திரண்டு வருடத்தில் இப்படி நடந்ததில்லை. அதுவும் இந்தச் சனிக்கிழமை.

நாளை பெந்தெகொஸ்தே ஞாயிறு. மறுநாள் திங்களும் விடுமுறை. அன்று காலை ஹோலுண்டர் தெருவின் பன்னிரண்டு வீடும் ஒரே நீள மேசையில் உட்கார்ந்து சாப்பிடும். மேசை எப்போதும் எக்கார்ட் தோட்டத்தில்தான். தெருவிலேயே நல்ல புல் அவருடையது. இதை அவர் சொல்லிக்கொள்வதில்லை. மற்றவர்கள் சொல்லும்வரை பக்கத்தில் நிற்பார்.

ஞாயிறும் விடுமுறை நாளும் சத்தம் போடும் எந்த மெஷினும் ஓட்டக் கூடாது என்பது அந்த ஊர்ச் சட்டம். மற்ற நாட்களில் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை கூடாது. இரவு எட்டுக்குப் பிறகு கூடாது. மற்றவர்களுக்கு மறக்கலாம், எக்கார்டுக்கு மறக்காது. ஒரு ஞாயிறு சுவரில் துளை போட்ட பக்கத்து வீட்டுக்காரரின் தபால் பெட்டியில் சட்டத்தை நகல் எடுத்துப் போட்டவர். பாரபட்சம் வேண்டாமென்று மற்றப் பத்து வீட்டுக்கும் போட்டார்.

"கரண்ட் மெஷின் ஒண்ணு வாங்கிட்டு வா," என்றாள் மனைவி ட்ரூடி. "உன் தோள் இனிமே கயிறு இழுக்கத் தாங்காது."

"என் தோளுக்கு என்ன?"

"தூக்கத்துல முனகுறியே, அதைக் கேக்குறவ நான்."

கடையில் ஒரு சுவர் முழுக்க மெஷின்கள் நின்றன.

"தோட்டம் எவ்வளவு பெருசு சார்?" என்றாள் விற்பனைக்காரி.

"இருநூத்திப் பன்னெண்டு சதுர மீட்டர். ஆப்பிள் மரத்தைக் கழிச்சுட்டேன்."

"அப்ப ஒயர் வச்சதே போதும். நிக்காம ஓடும்."

"மரம் நட்ட நடுவுல இருக்கு. நாயைக் கூட்டிட்டுப் போற மாதிரி ஒயரை இழுத்துக்கிட்டுச் சுத்தவா?"

"இது பாருங்க. தானாவே ஊர்ந்து வெட்டிக்கும்."

"அப்புறம் நான் எதுக்கு?"

அவள் அடுத்த மெஷினைத் தட்டினாள்.

"அப்ப பேட்டரிதான். பக்கத்துல குழந்தை தூங்கினாக்கூட எழுந்திருக்காது."

எக்கார்டின் முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப நான் வெட்டுறது எப்படித் தெரியும்?"

"யாருக்கு சார்?"

"பொதுவா."

சனி காலை ஒன்பதுக்குத் தெருவில் கேட்கும் ஒரே மெஷின் அவருடையது. மற்றவர்கள் எப்போது வெட்டுகிறார்கள் என்று அவர் யோசித்ததில்லை. வெட்டினாலும் தன் சத்தத்தில் அது எடுபடாது என்று நினைத்திருந்தார்.

"இருக்கிறதுலயே சத்தமானது எது?"

பதினாறு வருடமாக மெஷின் விற்பவள். இந்தக் கேள்வி புதிது. "அந்தப் பெரிய பிளேடு வச்சது. ஆனா பேட்டரியைக் குடிச்சிடும் சார். இருபது நிமிஷம்தான் ஓடும். மறுபடி சார்ஜ் ஏற நாலரை மணி நேரம்."

"ஓட்டிக் காட்டுங்க."

ஓட்டினாள். மூன்று வரிசை தள்ளி நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

"இதுதான்," என்றார் எக்கார்ட்.

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு மூன்று மணிவரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்று அடித்ததும் பொறுமை போய்விட்டது. பாதிச் சார்ஜோடு இறங்கினார். முதலில் சாலையோரம். அங்கே நாலு தடவை நடந்தார். வேலியோரம் நின்று பிளேடைச் சும்மா சுற்றவும் விட்டார். ஒரு திரைச்சீலையும் அசையவில்லை. எட்டாவது நிமிடத்தில் மெஷின் அடங்கியது.

"பாதிதானே ஏறியிருந்துச்சு?" என்றாள் ட்ரூடி.

"இந்தத் தடவை பச்சை விளக்கு எரியாம தொடமாட்டேன்."

பச்சை விளக்கு ஏழே முக்காலுக்கு எரிந்தது. அவர் கிட்டத்தட்ட ஓடினார். மரத்தைச் சுற்றினார். கொட்டகைப் பக்கம் முடித்தார். நடுவில் இரண்டு ஆள் அகலத்துக்கு ஒரு பட்டை மிச்சம் இருந்தபோது சர்ச் மணி எட்டு அடித்தது. எக்கார்ட் நின்றார்.

"இன்னும் ரெண்டே நிமிஷ வேலை," என்றாள் ட்ரூடி.

"எட்டுன்னா எட்டுதான்."

கத்தரிக்குச் சட்டத்தில் தடையில்லை. வேலி வெட்டும் கத்தரியை எடுத்து மண்டியிட்டார். தோள் பாதியில் கைவிட்டது. சில இடங்களில் புல் கணுக்கால்வரை நின்றது. சில இடங்களில் மண் தெரிந்தது.

ட்ரூடி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "முடி வெட்டுறவன் சண்டை போட்டுக்கிட்டுப் பாதியிலயே போன மாதிரி இருக்கு."

ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்தது. வழக்கமாக ஒன்றரைக்குப் படுத்தால் மூன்றுக்கு எழுவார். அன்று கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"நாளைக்கு இருபத்தேழு பேர் வர்றாங்க, ட்ரூடி."

"வந்தா ரொட்டி சாப்பிடுவாங்க. புல்லையா மேயப் போறாங்க?"

"இருபத்திரண்டு வருஷம்."

"நீ தூங்கு. எப்பவும் தூங்குவியே, அதே மாதிரி தூங்கு. இன்னொரு தலையணை தரட்டுமா?"

அவர் எழுந்து சாக்ஸ் மாட்டினார்.

"எக்கார்ட், இன்னிக்கு ஞாயித்துக்கிழமை!"

"அதை எனக்கு நீ சொல்லணுமா?"

ட்ரூடி பின்னாலேயே ஓடினாள்.

இருப்பதிலேயே சத்தமான மெஷினை அவர் கம்பளியால் சுற்றினார். ஓட்டினார். இன்னும் சத்தம். நிறுத்தினார். மேலே குளிர்காலக் கோட்டையும் போட்டு அதன் கைகளை முடிச்சுப் போட்டார்.

"நீ வேலிகிட்ட நில்லு. யாராவது வந்தா இருமு."

"எனக்கு இருமல் வராதே."

"வரவழைச்சுக்கோ."

ஒரு வரிசை முடிந்தது. சத்தம் கோட்டுக்குள் கரடி உறுமுவது போல் இருந்தது. இரண்டாவது வரிசையில் கம்பளியின் ஓரம் பிளேடுக்குள் போயிற்று. மெஷின் ஒருமுறை அலறி நின்றது. தோட்டம் முழுக்கப் பஞ்சு பறந்தது.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. சரளைக் கல்லில் காலடி.

ட்ரூடி இருமினாள்.

எக்கார்ட் திராட்சைப் புதருக்குப் பின்னால் குப்புறப் படுத்தார். எதிர் வீட்டுப் போதகர் டீட்ஸின் ரப்பர் பூட்ஸ் மட்டும் இலைகளுக்கு நடுவே தெரிந்தது. காலையில்தான் அவரைச் சர்ச்சில் அங்கியோடு பார்த்திருந்தார். போயும் போயும் போதகர் கையில். சட்டத்தின் நகல் தன் தபால் பெட்டியிலேயே விழுவதை எக்கார்ட் மனதில் பார்த்துவிட்டார். அந்த வார்த்தைகள் அவருக்கு மனப்பாடம். எழுந்து நின்று ஒப்புக்கொள்வதுதான் கௌரவம். ஒரு முழங்காலை மடக்கினார்.

பூட்ஸ் வேலியை ஒட்டி வந்து நின்றது. போதகர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ட்ரூடி அம்மா, ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்காரர் தூங்கினதும் மாடிச் சன்னல்ல துண்டு போடுவீங்களே, இன்னிக்கு ஏன் இன்னும் போடல? தெருவே மெஷினைச் சார்ஜ் போட்டு வச்சுக்கிட்டுக் காத்திருக்கு!"