கணக்குப் பார்க்க வந்த ஆதாரம் ஐயா

மாத்தளை மாவட்டத்தில், சூரியன் உதித்ததற்கே ஆதாரம் கேட்கக்கூடிய மனிதர் ஒருவர்தான் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கும் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் 'ஆதாரம் ஐயா'.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். வெற்றிலைக் கூடை சுமந்து, மிளகு வாங்கி விற்று, யட்டவத்தையில் சொந்தக் கடையும் லொறியும் வைத்தேன். மிளகு மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்தே எடை சொல்வேன், தராசு வெட்கப்படும். அப்படிப்பட்டவனை விடுவார்களா? பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து முதியோர் கல்விச் சங்கத்துக்குத் தலைவராக்கிவிட்டார்கள்.

எண்பதுகளின் கடைசி, நாட்டில் கலவரக் காலம் அது. எப்போது ஊரடங்கு, எப்போது பஸ் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. இருந்தும் பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள், பின்னேரம், பகலில் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவத்தில் உட்கார்ந்து 'அ' எழுதினார்கள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வகுப்புக்குப் பணம் தந்தது. ஒரே நிபந்தனை: வருடா வருடம் வெளியாள் ஒருவர் கணக்கைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் அடுத்த வருடம் பணம் கிடையாது, வகுப்பும் கிடையாது.

அரசாங்கக் கணக்காய்வில் இருந்து ஓய்வு பெற்ற ஆதாரம் ஐயாவை அழைத்து வந்தேன். குடை, உட்காரும் மெத்தை, பிளாஸ்க் எல்லாம் சொந்தமாகக் கொண்டு வந்தார். தேநீர் நீட்டினால் தலையை ஆட்டினார்.

"கணக்குப் பாக்குறவன் வாயில சங்கத்துச் சீனி இருக்கக் கூடாதுங்க தலைவரே."

அடுத்தது கரும்பலகையில் எழுத வாங்கிய வெண்கட்டி.

"ஆறு பெட்டி வாங்கியிருக்கீங்க. எங்க?"

"எழுதியாச்சுங்க."

"எழுதினது எங்க?"

"அழிச்சாச்சுங்க ஐயா."

"அழிச்சீங்களா? யாரு உத்தரவு குடுத்தது?"

வகுப்பு நடத்தும் டீச்சர் சிரிப்பை அடக்க வெளியே ஓடினார்.

ஒருநாள் என் லொறியில் போகும்போது சோதனைச்சாவடியில் மறித்தார்கள். ஐயா அடையாள அட்டையைக் காட்டினார். காட்டியவர் சும்மா இருந்தாரா? "இப்ப உங்கட அட்டையைக் காட்டுங்க" என்று சிங்களத்தில் அந்தச் சிப்பாயிடமே கேட்டார். என் உயிர் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி மிளகுக் கொடிக்குள் ஓடியது. சிப்பாய் திகைத்து நின்றான். பிறகு சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டினான். ஐயா வாங்கிப் பார்த்தார். "படம் மங்கிப் போச்சு, மாத்துங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டேன். ஒரு காலையில் கடைக்குள் வந்து, ஊருக்கே கேட்கும்படி கேட்டாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"தலைவரே, சரோஜா யாரு?"

அரிசி அளந்துகொண்டிருந்த என் மனைவியின் கை நின்றது.

"எந்த சரோஜாங்க? எனக்கு அப்படி யாரையும் தெரியாதுங்களே!"

"தெரியாத பொம்பளைக்குத்தான் மூக்குக்கண்ணாடி வாங்கிக் குடுத்திருக்கீங்களா?"

"கண்ணாடி வேறயா?" என்றாள் மனைவி.

விஷயம் இதுதான். வகுப்பில் சேர்ந்தவர்களின் பெயர்களைத் தோட்டத்தில் வேலையாட்களின் பேர் போடும் செக்றோலைப் பார்த்துப் பதிந்திருந்தோம்: கறுப்பாயி, பேச்சி, மூக்காயி. எழுத்துத் தெரியச் சங்கம் கொடுத்த கண்ணாடியை வாங்கியபோது கையெழுத்துப் போட்டிருந்தவர்களோ சரோஜா, விஜயா, ராஜகுமாரி.

"இது எல்லாம் இல்லாத ஆளுங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் ஐயா.

அன்று பின்னேரமே அவரை வகுப்புக்குக் கூட்டிப் போனேன்.

"சரோஜா யாரும்மா?"

கறுப்பாயி எழுந்தாள். "நாந்தாங்க."

"பதிவுல கறுப்பாயின்னு இருக்கே?"

"அது தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எழுதுன பேருங்க. எந்தப் பேர எழுதப் பழகணும்னு டீச்சர் கேட்டாங்க. இவ்வளவு கஷ்டப்பட்டு எழுதுறோம், நமக்குப் புடிச்ச பேரா இருக்கட்டுமேன்னு வெச்சுக்கிட்டேன்."

"எனக்கும் சரோஜாதாங்க வேணும். இவ முந்திக்கிட்டா!" என்றாள் பின்னாலிருந்து விஜயாவாகிவிட்ட பேச்சி.

ஐயா பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்தார். "சேரும்போது கைநாட்டு வெச்சிருக்கீங்க. இப்பவும் ஒண்ணு வையுங்க. ரெண்டையும் பொருத்திப் பாத்துட்டா என் வேலை முடிஞ்சுது."

சரோஜா கையைச் சேலைக்குள் மறைத்தாள். "கைநாட்டு வெக்க மாட்டேங்க."

"அப்ப பணம் வராதும்மா."

"வராட்டிப் போகட்டுங்க. அத வெக்கக் கூடாதுன்னுதானே இங்க வந்தோம்."

பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாப் பெண்களின் கைகளும் மறைந்தன. "கொஞ்சூண்டு மைதானேம்மா" என்று நான் கெஞ்சினேன்.

"அப்ப நீங்க வையுங்க மொதலாளி!" என்றாள் பேச்சி. கூரை அதிரச் சிரித்தார்கள்.

ஐயா சிரிக்கவில்லை. மைப்பெட்டியைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பெட்டியை மூடிப் பைக்குள் போட்டார்.

"செக்றோல்ல என் பேரு இது, நான் எழுதுற பேரு இதுன்னு ஒவ்வொருத்தரும் உங்க கையாலயே எழுதிக் குடுங்க. என் கண்ணு முன்னால எழுதணும். அதுவும் ஆதாரந்தான்."

எழுதினார்கள். அதை எழுத்து என்பதா, மலையேற்றம் என்பதா? சரோஜா 'ரோ'வில் வழுக்கி விழுந்து எழுந்தாள். ராஜகுமாரி பெயரின் நீளத்தை நினைத்துத் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். கடைசி பஸ் போகும் சத்தம் கேட்டது. ஐயா அசையவில்லை. "அவசரப்படாம எழுதும்மா" என்றார். அவர் வாயில் அவ்வளவு மெதுவான பேச்சு இருந்தது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அறிக்கையில் கையெழுத்து விழுந்தது. பணம் வந்தது. மறுவருடம் பெண்கள் பஸ் போர்டை வாசித்துத் தாங்களாகவே மாத்தளைக்குப் போய் வந்தார்கள். புதிதாகப் பதினோரு பேர் சேர்ந்தார்கள், அதில் இரண்டு பேர் சரோஜா.

ஐயாவுக்கு முடியாமல் போன பிறகு, கழுத்துப்பட்டி கட்டியவர்கள் கணக்குப் பார்க்க வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். தேநீர் குடிப்பார்கள், கூட்டிப் பார்ப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள். அவர்களின் வேன் தேயிலைச் சரிவில் மறைந்ததும் சரோஜா கேட்பாள்:

"என்னங்க மொதலாளி, இந்த ஐயா நம்ம பேரக்கூடக் கேக்காமப் போறாரு?"

எனக்கும் அதுதான் குறை.