ஓட்டைத் தடுப்பும் என் தாடியும்

டன்பெர்க், சஸ்காட்செவன்
வெள்ளிக்கிழமை, மதியம்

அன்புத் தங்கை இங்காவுக்கு அண்ணன் ஹால்வர் எழுதிக்கொள்வது. நான் சுகம், உன் அண்ணி டோரிஸ் சுகம், ஏரியில் ஐஸ் இன்னும் உடையவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது, வான்கூவரில் மழை ஒரு நாளாவது விட்டதா என்று அறிய ஆவல். அடுத்த சனிக்கிழமை மகள் கிர்ஸ்டனின் கல்யாணத்துக்கு நீ வரும்போது அண்ணனை அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று டோரிஸ் உனக்குப் போனில் சொன்னாளாமே. இனி அந்தக் கவலை வேண்டாம். இன்று காலை தாடியை மழித்துவிட்டேன்.

ஐஸ் ஹாக்கியில் பிளேஆஃப் என்கிற கடைசிச் சுற்றுகள் நடக்கும்போது மழிக்கிறவன் சொந்த அணியைக் கவிழ்க்கிறவன் என்பது நீயும் நானும் பால்குடி வயசிலேயே கற்றது. ஆனால் அது ஆட்டக்காரர்களுக்கு. நான் ஓய்வு பெறும்வரை ஆலங்கட்டி இன்சூரன்ஸில் பயிர்ச்சேதம் மதிப்பிட்டவன், எனக்கு ஏன் இந்த வேலை என்று நீ கேட்பாய். அந்த மதிப்பீடுதான் என்னைக் கெடுத்தது. எந்த வயல் தேறும், எது தேறாது என்று வரப்பில் நின்றே சொல்கிறவன் நான். நம்ம ஊர் ஹாக்கி அணி கிரேன்ஸைப் பார்த்தும் அப்படித்தான் சொன்னேன், தேறாது. ஆட்டத்துக்கு ஆறு கோல் வாங்குகிறார்கள். ஏழு போட்டு ஜெயிக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் ஓட்டைப் பானையில் எத்தனை நாளைக்கு ஊற்றிக்கொண்டே இருப்பது? அந்த ஓட்டையின் பெயர் பாய்ட். ஆமாம், நம்ம கிர்ஸ்டன் கட்டிக்கொள்ளப் போகிற அதே பாய்ட்தான். தங்கமான பையன், டிராக்டர் இஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பான், ஆனால் தடுப்பாட்டக்காரன் என்று பேர் வைத்துக்கொண்டு பின்பக்கமாகச் சறுக்கச் சொன்னால் ஐஸில் உட்கார்ந்துவிடுகிறான். இந்த லட்சணத்தில் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். அந்தத் தைரியத்தில்தான் அரங்கத்து கேண்டீனில் ஒருத்தன், "மாப்பிள்ளை தாடி வளக்குறான், மாமனார் மட்டும் மொழுமொழுன்னு இருக்காரே" என்று சீண்டியபோது, "பிளேஆஃப் முடியுறவரைக்கும் என் மூஞ்சியில கத்தி படாது" என்று ஊர் முன்னால் சத்தியம் செய்துவிட்டேன். என் கணக்கில் அது ஒரு வாரத்துச் சத்தியம்.

முதல் சுற்றில் ஜெயித்தார்கள். இரண்டாவதிலும் ஜெயித்தார்கள். எட்டு வாங்கி ஒன்பது போடுகிறார்கள் இங்கா, இதை எந்தப் புத்தகத்தில் எழுதுவது? தாடியோ ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் செம்பட்டை, நடுவில் ஒன்றுமே இல்லை. அது குளிர்கோட்டு ஜிப்பில் மாட்டிக்கொண்டு தபால் ஆபீஸில் கத்தரிக்கோல் கேட்டு நின்றேன். ஞானஸ்நானத்துக்கு வந்த குழந்தை என்னைப் பார்த்து வீறிட்டதில் பாஸ்டர் ஜெபத்தை நிறுத்திவிட்டு, "ஹால்வர், கொஞ்சம் பின்னாடி உக்காந்துக்கயேன்" என்றார். டோரிஸ் என் சூப்பில் ஸ்ட்ரா போட்டுக் கொடுக்க ஆரம்பித்தாள். இதெல்லாம் போகட்டும். கல்யாணப் பாட்டு ஒத்திகை அன்றைக்குக் கிர்ஸ்டன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்பா, இந்த மூஞ்சியோட என் கையப் புடிச்சுக்கிட்டு சர்ச்சுக்குள்ள வர்றதா இருந்தா நீங்க வர வேணாம், அம்மாவே கூட்டிட்டு வரட்டும்" என்றாள். எனக்கு இருப்பது ஒரே மகள். அவளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிற அந்த நடைக்காகத்தானே நான் புது பூட்ஸ் வாங்கிவைத்திருக்கிறேன். அழுகை வந்துவிட்டது, நல்லவேளை தாடி மறைத்தது.

அன்றிலிருந்து, கர்த்தர் மன்னிக்கட்டும், நம்ம அணி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எதிரணி கோல் போட்டதும் என்னை அறியாமல் எழுந்துவிட்டேன்.

"அவனுங்க போட்டதுக்கு நீ ஏன் எந்திரிக்கிற?" என்றாள் டோரிஸ்.

"கால் மரத்துப்போச்சு."

"உக்காரு. மரத்துப்போனது கால் இல்ல."

சாப்பாட்டு மேஜையில் பாய்டையே கேட்டுவிட்டேன், "இப்பிடியே எத்தன நாளைக்குத் தம்பி ஓடும்?" அவன் உருளைக்கிழங்கை மென்றபடி, "ஓடாது மாமா. நான் விடுறதுல பாதிய கோல்கீப்பர் புடிச்சிடுறான், மீதிக்கு முன்னாடி நிக்கிறவனுங்க போட்டுடுறானுங்க. நான் யாருக்கும் குறுக்க போறதில்ல" என்றான். டோரிஸ் குழம்பை ஊற்றிக்கொண்டே, "வாங்குறதவிட ஒண்ணு கூடப் போட்டா ஜெயிப்பு. இதுக்கு எதுக்குக் கணக்கு?" என்றாள்.

நேற்று சாயங்காலம் இறுதி ஆட்டம். கடைசி நிமிஷம், நாம் ஒரு கோல் முன்னால். கோல்கீப்பர் ஒரு பக்கம் கவிழ்ந்துகிடக்க, எதிராளி ரப்பர் வட்டை ஓங்கி அடித்தான், பாய்ட் பின்பக்கமாகச் சறுக்கப் போய், வழக்கம்போல உட்கார்ந்தான். வட்டைக் காணவில்லை. ஊரே எழுந்து நின்று தேடுகிறது. நடுவர் பாய்டை எழுப்பிப் பார்த்தால் அவனுக்கு அடியில் இருக்கிறது. வருஷம் முழுக்க அவன் தடுத்தது அது ஒன்றுதான். கோப்பை நமக்கு. நான் விம்மி விம்மி அழுதேன், கோப்பைக்குப் பாதி, கன்னத்துக்குப் பாதி.

இன்று காலை மழித்துவிட்டு வந்தேன். "ஐயோ பாவம், உள்ள நீதான் இருந்தியா" என்றாள் டோரிஸ். பாய்டும் மழித்துக்கொண்டான். கிர்ஸ்டன் இன்னும் பார்க்கவில்லை, வேலையிலிருந்து வரட்டும், பூரித்துப்போவாள். என் மதிப்பீடு தப்பில்லை இங்கா, இப்படி ஜெயிப்பது நீடிக்காது. ஆனால் இனி நீடித்தால் என்ன, நீடிக்காவிட்டால் என்ன, எல்லாம் முடிந்தது. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கிவைத்த மாதிரி இருக்கிறது. கர்த்தர் உன் முழங்காலுக்குப் பலம் தரட்டும், உன் பிள்ளைகள் நீண்ட ஆயுசோடு இருக்கட்டும். டோரிஸ் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உன் அண்ணன்,
ஹால்வர்

பி.கு. சாயங்காலம் ஆகிவிட்டது. பயிற்சியாளர் போன் செய்தார். லீக் கோப்பையை ஜெயித்த அணி மாகாணச் சுற்றுக்குப் போக வேண்டுமாம். நம்ம ஊர் இதற்கு முன் அவ்வளவு தூரம் போனதே இல்லாததால் இது ஒருத்தருக்கும் தெரியவில்லை. பிளேஆஃப் முடியவில்லை. முதல் ஆட்டம் அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு, சர்ச்சில் மணி அடிக்கிற அதே நேரம். கிர்ஸ்டன் கல்யாணம் போச்சே என்று அழுவாள் என்று பாய்டும் நானும் சமையலறையில் தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வந்தாள். எங்கள் இரண்டு மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்தாள். "பிளேஆஃப் முடியுறதுக்குள்ள யாரக் கேட்டு மழிச்சீங்க?" என்றாள். அங்கேயே நின்று பாஸ்டரைப் போனில் கூப்பிட்டுக் கல்யாணத்தை மே மாதத்துக்குத் தள்ளிப்போட்டாள். அணி தோற்றால் அந்தக் கல்யாணத்துக்கு நாங்கள் இரண்டு பேருமே வரக்கூடாதாம்.