உடும்பார் பார்த்துச் சரி சொன்ன இரண்டு வரி

ஒரு காட்டில், மின்சாரமும் இணையமும் வந்து சேர்ந்த பிறகு, சென்னியப்பன் என்று ஓர் உடும்பு இருந்தார். அந்தக் காட்டு அணையின் மதகைத் திறந்து மூட ஒரு கணினி உண்டு. அதற்கு உயிர்நாடியாக அடியில் ஓடும் நிரலைக் கர்னல் என்பார்கள். அதில் ஒரு புள்ளி மாற வேண்டுமென்றாலும் சென்னியப்பனார் படித்துவிட்டு, "பார்த்தேன், சரி" என்று தன் பெயரைப் போட்டாக வேண்டும். பிடித்தால் விடமாட்டார் என்றுதான் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதைப் பிடிப்பார் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

புரட்டாசியில் ஒருநாள் பவுனாத்தா என்ற வயல் எலி ஒரு திருத்தத்தோடு வந்தாள். மதகுக்கு நேர் கீழே அவள் வளை. உள்ளே ஏழு குட்டிகள். எலியைக் கண்டால் உடும்புக்கு வாய் ஊறும், வாஸ்தவம்தான். ஆனால் அலுவலக நேரத்தில் சென்னியப்பனார் அப்படியெல்லாம் இல்லை.

"அய்யா, மதகு மோட்டாருக்குள்ள தனியா ஒரு நினைவகம் இருக்குதுங்க. மோட்டார் தூங்கறப்ப நம்ம நிரல் போயி அதைத் தொட்டுச்சுன்னா, மொத்தக் கணினியும் உறைஞ்சு போகுது. திறந்த மதகு திறந்தபடியே நின்னுக்குது. மழைக்காலத்துல இப்படி ஆச்சுன்னா எங்க வளை அவ்வளவுதானுங்க. மோட்டாரை எழுப்பிட்டு அப்புறமாத் தொடு, அப்படின்னு ரெண்டே ரெண்டு வரி சேர்த்திருக்கறனுங்க."

சென்னியப்பனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு வரியையும் பார்த்தார். சத்தியமாக ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல நாக்கு எழுமா? இத்தனைக்கும் அவருக்கு நாக்கு இரண்டாகப் பிளந்தது.

"ஏம்மா, வரிக்கு முன்னால இடம் விட்டிருக்கியே, அது இடைவெளியை எட்டுத் தடவை தட்டினதா, டேப் விசையை ஒரு தடவை தட்டினதா?"

"எட்டுத் தடவைங்க."

"அப்புறம் எப்படிம்மா நான் வாங்கிக்கறது?"

அவள் மாற்றிக்கொண்டு வந்தாள். தலைப்புக் கடைசியில் முற்றுப்புள்ளி கூடாது என்றார். அதையும் எடுத்துவிட்டு வந்தாள். விளக்கத்தில் ஒரு வரி நீளமாக இருக்கிறது, மடக்கி எழுது என்றார். ஒவ்வொரு தடவை திருப்பி அனுப்பும்போதும், நாமும் வேலை செய்கிறோமப்பா என்று அவருக்கு ஒரு திருப்தி. 'நமக்குப் புரிஞ்சதைத்தானே நாம திருத்த முடியும்' என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

நான்காவது தடவை விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அவரே எழுதிய புத்தகம். "பிழைத் திருத்தம்னா, அந்தப் பிழையை எப்ப, யாரு கொண்டுவந்தாங்கன்னு ஒரு வரி போடணும்மா. போடாம எடுக்க முடியாது."

பவுனாத்தா பழைய பதிவுகளையெல்லாம் தோண்டினாள். தோண்டுவது அவளுக்குப் புதுசா என்ன? மறுநாளே அந்த வரியோடு வந்து நின்றாள். 'பிழையைக் கொண்டுவந்தவர்: சென்னியப்பன்.'

சென்னியப்பனார் பழைய நிரலைத் திறந்து பார்த்தால், அவர் எழுதியதேதான். பக்கத்தில் குறிப்பு வேறு: 'மோட்டாராவது தூங்குவதாவது!' கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. அப்போதுதான் அவளுடைய இரண்டு வரியை முதல்முறையாக ஒழுங்காகப் படித்தார். முதல் நாளே சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். சே, நம்ம லட்சணம் இவ்வளவுதானா என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது.

கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் அந்த வரி பதிவேட்டில் சாகிறவரை நிற்குமே!

"ஏம்மா, இதைப் பிழைத் திருத்தம்னு அனுப்பாதே. 'மோட்டாரை எழுப்பும் புது வசதி'ன்னு அனுப்பு. புது வசதிக்கு யாரு பேரும் போட வேண்டியதில்லை."

"அய்யா, பிழைத் திருத்தம்னா நாளைக்கே ஏத்துவீங்க. புது வசதியைத் தை மாசந்தானே எடுப்பீங்க? மழை ஐப்பசியிலேயே வந்துருமுங்களே!"

"அதுக்காக விதியை மீற முடியுமாம்மா?" என்றார், விதியை அப்போதுதான் வளைத்து முடித்தவர்.

ஐப்பசியில் மழை வந்தது. மதகு திறந்தது. மோட்டார் தூங்கியது. மதகை மூடலாம் என்று நிரல் போய்த் தொட்டதும் கணினி உறைந்தது. பட்டப்பகலில் ஆறு பவுனாத்தாவின் வளைக்குள் புகுந்தது.

தண்ணீர் ஏறாத மேடு அந்தப் பக்கத்தில் ஒன்றுதான். அதில் இருந்ததோ உடும்பின் புற்று. பவுனாத்தா ஒரு கணம்தான் தயங்கினாள். ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்விக்கொண்டு வந்து சென்னியப்பனாரின் முன்னங்காலடியில் போட்டாள். "நாக்கை மட்டும் உள்ள வெச்சுக்குங்க அய்யா" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுக்க ஓடினாள். ஏழு தடவை ஓடினாள்.

நனைந்து நடுங்கும் ஏழு எலிக்குட்டிகள் காலடியில் கிடக்க, சென்னியப்பனாருக்குப் பசியே எடுக்கவில்லை. வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. கணினிக்கு உயிர் வந்ததும் தன் பெயர் போட்ட அந்த வரியோடேயே திருத்தத்தை ஏற்றினார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

வெள்ளம் வடிந்தது. "அய்யா, நீங்க ஒண்டிக்கட்டை. எங்க வளை காலியாத்தான் கிடக்குது, சேத்தை மட்டும் வழிச்சுட்டாப் போதும்" என்றாள் பவுனாத்தா. புற்றைவிட்டு அவள் நகருகிற மாதிரி தெரியவில்லை. சென்னியப்பனார் பாயைச் சுருட்டிக்கொண்டு மதகுக்குக் கீழே குடிபோனார்.

இப்போதெல்லாம் மதகு சம்பந்தமாக எது வந்தாலும், வந்த அன்றைக்கே வரிவரியாகப் படிக்கிறார். புரியாவிட்டால் மேட்டுக்கு நடந்துபோய்ப் பவுனாத்தாவிடம் கேட்கிறார்.

நீதி: சரிபார்க்கிறவருக்கு அறிவு இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை, அவருடைய வீடு மதகுக்குக் கீழே இருந்தால் போதும்.