மணவறைக்கு நான் வெட்டிய பூ

கூச்சக்காரனுக்கு வாய் சும்மா இருக்கும். கைதான் சும்மா இருக்காது. நாலு பேர் முன்னால் பேச முடியாததை எதையாவது வெட்டி ஒட்டித் தீர்த்துக்கொள்வான். நான் அப்படித்தான் என் கல்யாணத்தையே வெட்டி ஒட்டப் பார்த்தேன்.

ஐம்பதுகளின் கடைசி. மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் எனக்குக் கூட்டித் துடைக்கும் வேலை. (ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அதுவே பெரிய உத்தியோகம்.) ஒரு நாள் டாக்டரையா மைக்ராஸ்கோப்பில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது வெளியே தோட்டத் துரையின் கார் வந்தது. அவர் எழுந்து ஓடினார். நான் துடைப்பத்தைச் சாத்திவிட்டுக் கண்ணை வைத்தேன்.

கண்ணாடியில் செய்ததுபோல் ஓர் உருவம். ஒரு பக்கம் விரல் மாதிரி நீண்டது. பிறகு உடம்பெல்லாம் அந்த விரலுக்குள் வழிந்துபோனது. உடனே வேறு பக்கம் இன்னொரு விரல். உள்ளே ஒரு வளையம், அதன் நடுவில் ஒரு பொட்டு, சுற்றிலும் மணி மணியாக ஏதோ. இவ்வளவு நிலைகொள்ளாத ஒன்றை, என்னைத் தவிர, நான் பார்த்ததே இல்லை.

அன்று முதல் ஈரத் தரையில் துடைப்பத்தால் அதையே வரைந்தேன். சோற்றிலும் வரைந்தேன். (அம்மா எனக்குத் திருநீறு மந்திரித்துப் போட்டார்.)

அடுத்த மாதம் கல்யாணம். பெண், தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் லயத்து வரிசை வீட்டு ராசாத்தி. பெண் பார்க்கப் போனபோது வெட்கத்தில் அவள் காலை மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தேன். மணவறைக்குக் கலர்த்தாள் ஒட்டுவது மாப்பிள்ளையின் கூட்டாளிகள் வேலை. நான் விடவில்லை. கோதுமை மாவில் பசை காய்ச்சி நானே ஒட்டினேன். ரோஸ் தாளில் விரல் நீட்டும் உருவங்கள், பச்சை வளையம், மஞ்சள் மணிகள்.

"என்னா பூவுடா இது?" என்றான் ஒரு கூட்டாளி.

"சீமைப் பூ."

தாலி கட்டும் நேரத்துக்கு டாக்டரையா வந்தார். ஐயாமார் வந்தால் மாலை போட்டு, சோடா உடைத்துக் கொடுத்து, நாலு வார்த்தை பேசச் சொல்வது வழக்கம். எழுந்தவர் மணவறையைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அடேய், நீயா செஞ்ச? அச்சு அசல்! எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க. போன மாசம் மேல்கணக்குல பாதிப் பேரப் பாயில போட்ட ரத்தக்கழிச்சல் கிருமி இதுதான். பீயில ஒரு பொட்டு எடுத்து வச்சா இப்பிடித்தான் ஓடும். உள்ள மணி மணியா இருக்கே, அது குடிச்ச நம்ம ரத்தம். சாப்புட முந்தி எல்லாரும் கை கழுவணும்!"

மேளம் நின்றது. பந்திக்குக் காத்திருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"பீயில கண்டத எடுத்தாந்து எம் புள்ள தலைக்கு மேல தொங்கவிட்டிருக்கானே! எந்திரி தாயி, போவோம்!"

தாலி என் கையிலேயே இருந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"அழகா இருந்திச்சுங்க" என்றேன். (இதைவிட வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.)

மாமன் அவள் கையைப் பிடித்தார். ராசாத்தி எழவில்லை. தலையைத் தூக்கி, மேலே தொங்கியவற்றை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"மாமா, போன மாசம் எனக்குக் கழிச்சலாகி, அதுல ஒரு பொட்டு நெருப்புப்பெட்டியில வச்சு, சூடாறுறதுக்குள்ள குடுத்துட்டு வாங்கன்னு ஆஸ்பத்திரிக்குக் குடுத்துவுட்டது நானுதான். கொண்டுபோனது நீங்கதான். அன்னைக்கு வராத அருவருப்பு இன்னைக்கு என்னா? ஒக்காருங்க."

மாமன் தன் கையையே ஒரு தடவை பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். தாலி கட்டினேன். பந்தியில்தான் ஆள் இல்லை; மிஞ்சிய வடையை லயத்து நாய்கள்கூட ஒரு கட்டத்தில் வேண்டாம் என்றன.

இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் நான் முற்றம் கூட்டப் போய்விடுவேன். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்கும்:

"எல்லாரும் மூஞ்சியப் பாத்துக் கட்டுவாங்க. இவரு என் வயித்துக்குள்ள பாத்துட்டுக் கட்டுனவரு. அதுலயும் அழகா இருந்திச்சாம்!"