கொசுறு அக்கா வாங்கித் தந்த பேனா

மதுரையில் கொசுறு கொடுக்காமல் பொருள் விற்கும் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார் என்றால், அவர் கடைக்குக் கொசுறு அக்கா இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

ஆரப்பாளையத்தில் எங்கள் தெரு முனையில் காய்கறிக் கடை போட்டிருக்கிறாள். விடியுமுன்னே பரவை மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவாள். தான் விற்கும்போது இரண்டு இணுக்குக் கறிவேப்பிலை தருவதற்குக் கண் கலங்குவாள். வாங்கும்போது மட்டும் கூட ஏதாவது விழாமல் இடத்தை விட்டு நகர மாட்டாள்.

ஒருமுறை நகைக்கடையில் ஒற்றை மூக்குத்தி வாங்கிவிட்டு, "கொசுறா ஒரு குண்டுமணி தங்கம் போடுப்பா" என்று கையை நீட்டினாள். தங்கம் விழவில்லை. இரண்டு பர்ஸும் ஒரு காலண்டரும் குடிக்க மூன்று பாட்டில் கலரும் விழுந்தன. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட நர்ஸிடம், "இம்புட்டு வலிக்கக் குத்துனியே தாயி, ரெண்டு சத்து மாத்திரையாச்சும் குடு" என்று வாங்கி வந்தாள். கைரேகை பார்ப்பவர் எண்பது வயது ஆயுள் என்று சொன்னபோது, "போணி நேரத்துல வந்திருக்கேன். ஒரு அஞ்சு வருசம் சேத்துப் போடக் கூடாதா?" என்று மல்லுக்கு நின்றாள். பேரம் மூன்று வருஷத்தில் முடிந்தது. இப்போதும் யாராவது சாவைப் பற்றிப் பேச்செடுத்தால், "எனக்கு எம்பத்து மூணு வரைக்கும் கேரண்டி" என்பாள்.

அப்படிப்பட்டவளோடுதான் நான் மை பேனா வாங்கப் போனேன்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. போனில்கூட 'ம்', 'சரி', 'வச்சிரவா' என்ற மூன்றுதான் வரும். அதனால் போடியில் இருக்கும் என் தங்கைக்கு இன்றைக்கும் கடிதம்தான். ஐந்தாம் வகுப்புப் படிப்பு அதற்குத் தாராளம். ஆனால் கட்டைவிரல் மூட்டில் வலி வந்த பிறகு பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி எழுத முடியவில்லை. நாலு வரிக்குள் விரல் விண்விண்ணென்று தெறிக்கும். அழுத்தாமலே எழுதுகிற பேனா கிடைக்காவிட்டால் இனி நான் ஊமை என்றே வைத்துக்கொள்ளலாம். கையில் இருந்தது முந்நூறு ரூபாய்.

வலியைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. தக்காளி பொறுக்கிக்கொண்டே, மை பேனா எங்கே கிடைக்கும் என்று மட்டும் அக்காவிடம் கேட்டேன்.

"கோரிப்பாளையத்துல ஒரு பாய் கடை இருக்கு. தனியாவா போகப்போற? ஒன்னய ஏமாத்திருவாய்ங்க. இரு, வாரேன்" என்று தராசை எடுத்து உள்ளே வைத்தாள்.

கடைக்கார பாய் சாதுவான மனிதர். கையில் எவ்வளவு இருக்கிறது என்று முணுமுணுத்தேன். அவர் அந்த விலைக்குள் நாலு பேனாக்களை எடுத்து வைத்தார். ஒன்று காகிதத்தைக் கோழி மாதிரிக் கிளறியது. ஒன்று மூடியைத் திறந்ததும் என் சேலையில் கக்கியது. இன்னொன்று எழுதவே மாட்டேன் என்றது. மற்றது உலக்கை கனம்.

அக்கா ஒவ்வொன்றையும் காதருகே வைத்துத் தேங்காயைப் போல ஆட்டிப் பார்த்தாள்.

"தண்ணியே இல்லயே பாய்?"

"மை இனிமேத்தான்க்கா ஊத்தணும்."

"அந்தப் பச்சை என்ன வெல?"

"அது ஐநூத்தம்பதுக்கா. நிப்பு நல்ல நிப்பு."

"நல்லதா கெட்டதான்னு நாங்க பாக்குறோம், எடு."

பாய் பச்சைப் பேனாவை எடுத்துக் கொடுத்தார். அக்கா மூடியைக் கழற்றினாள். அடுத்து அவள் செய்ததை வெண்டைக்காய் வாங்குகிறவர்கள் மட்டுமே புரிந்துகொள்வார்கள். நிப்பின் நுனியில் கட்டைவிரலை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினாள். நிப்பு பாம்பு நாக்குப் போல இரண்டாய்ப் பிளந்துகொண்டது.

"யா அல்லா!" என்று பாய் எழுந்தேவிட்டார். "அப்பா காலத்துலருந்து கடை வச்சிருக்கோம். பேனாவ எவனும் ஒடிச்சுப் பாத்ததில்லக்கா!"

"எங்க ஒடிஞ்சுச்சு? வளையுதுல்ல? ஒடிஞ்சா பிஞ்சு, வளைஞ்சா முத்தல். முத்தலப் போயி ஐநூத்தம்பதுங்குற. எவன் வாங்குவான்? எரநூறுன்னு போடு."

"நீங்க வளைச்சதுக்கு நான் வெலயக் குறைக்கணுமா?"

"சரக்கு முத்தல்னு கண்டுபிடிச்சுச் சொன்னேன்ல, அதுக்கு நீ எனக்குக் கூலி தரணும்."

நான் தூணுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன். பாய் தலையில் அடித்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினார். நகத்தால் நிப்பை நெடுநேரம் நீவினார். மை ஊற்றி, "இனி மெலிசா எழுதாது. மை நெறயா எறங்கும். எதுக்கும் எழுதிப் பாருங்கம்மா" என்று என்னிடம் நீட்டினார்.

பிள்ளையார் சுழி போட்டேன். அடுத்து தங்கை பெயரை எழுதினேன். அடுத்து 'நலம், நலமறிய ஆவல்' என்று முழுசாக ஒரு வரி. காகிதத்தில் பேனா தானே வழுக்கிக்கொண்டு ஓடியது. நான் பிடித்திருந்தேன், அவ்வளவுதான். விரல் வலிக்கவே இல்லை.

அக்கா என் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். "மூஞ்சியில காட்டாத. புடிக்கலன்னு சொல்லு" என்று காதுக்குள் சீறினாள்.

"எனக்கு இதுதான் வேணும்" என்றேன். கடைக்கு வெளியே நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். என் வாயிலிருந்து வந்தது என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

பாய் சிரித்துவிட்டார். என்னிடம் இருந்த முந்நூறை வாங்கிக்கொண்டு, அக்கா கேட்பதற்கு முன்னாலேயே ஒரு மை புட்டியையும் எடுத்து வைத்து, கும்பிடு போட்டு எங்களை அனுப்பினார்.

டவுன் பஸ்ஸில் அக்கா என்னைக் கரித்துக் கொட்டினாள். "கூறு கெட்டவளே! எரநூத்தம்பதுக்கு முடிச்சிருப்பேன். வருசம் பூரா வாயத் தொறக்காதவ, இன்னைக்கித்தான் தொறக்கணுமா?"

நான் பேனாவை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

"கட்டவெரலு ரொம்ப நோவுதா, ஆத்தா?"

திடுக்கிட்டுப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தக்காளி பொறுக்கயில அந்த வெரல மட்டும் ஒதுக்கி வச்சுக்கிட்டு, நாலு வெரல்லதான பொறுக்குற? பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

அக்கா என் வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "கண்டக்டரு அண்ணே, தெரு முக்குல செத்த நேரம் நிறுத்துனா பஸ்ஸு என்ன தேஞ்சா போகும்?" என்று சண்டைக்குக் கிளம்பினாள். அவரும் விடவில்லை, இவளும் விடவில்லை. பஸ் முழுக்க ஒரே கூச்சல். ஸ்டாப் வரும்வரை அவள் கை மட்டும் என் கட்டைவிரலை மெதுவாக, மெதுவாக நீவிக்கொண்டே வந்தது.