ஐந்து பிடி அரிசி, ஆறு நாள் வழி

பாறசாலை,
கொல்லம் 1096-ம் ஆண்டு பங்குனி மாதம் 20, சனிக்கிழமை.
(தேதியும் கிழமையும் உன் தம்பி நேசையன் போட்டவை. நான் சொன்னதல்ல. நாள் சொல்லும் வேலையை நான் விட்டுவிட்டேன்.)

அன்பு மகள் சௌதாமினிக்கு, உன் தகப்பன் அருமநாயகம் ஆசீர்வாதத்தோடு எழுதுவிப்பது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் நேசையனும் காளைகள் இரண்டும் சுகம். அங்கே நீயும், மருமகன் ரெத்தினதாசும், குழந்தையும், மூன்று வாரமாக உன் வீட்டில் இருக்கிற உன் அம்மையும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு தகப்பன் எழுதுகிற முதல் கடிதம். படிக்காமல் அடுப்பில் போட்டுவிடாதே. நேசையனுக்கு விரல் நோகிறது என்று இப்போதே முனங்குகிறான்.

சௌதாமினி மக்களே, நான் எழுத்தறியாதவன். ஆனால் என் ஞாபகத்தைப் பற்றி இந்த ஊரில் கேட்காதவர் இல்லை. யார் வீட்டுப் பசு எந்த வெள்ளிக்கிழமை ஈன்றது, பழைய கோயில் கூரை எந்தப் புதன்கிழமைக் காற்றில் போனது, எல்லாம் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். அந்த ஞாபகத்தால் வந்த அகங்காரம்தான் என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது. ரெத்தினதாஸ் உன்னைக் கட்டிய மூன்றாம் மாதம், அவன் தாய்க்குச் சுகமில்லை என்று உன்னை அழைத்துப்போக வண்டி பூட்டி வந்தானே, அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனை மணி அடிக்கிற நேரம். "ஓய்வுநாளில் உருண்ட சக்கரம் எனக்க முற்றத்தில் ஏறக்கூடாது" என்று நான் படலைச் சாத்தினேன். நீ படலைத் திறந்துகொண்டு போய் அவன் வண்டியில் ஏறினாய். அன்று மாலை ஜெபத்தில், இனி இந்த வீட்டில் அவள் பெயர் சொல்லக்கூடாது என்றேன். உன் அம்மை ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாதிருந்தாள் என்றால் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தும் அவ்வளவுதான் என் அறிவு.

மாசி மாதம் உன் கடிதம் வந்தது. பிள்ளை பிறந்ததும், அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்பதும், பிள்ளையைப் பாதிரி ஐயர் கையில் நான்தான் தூக்கிக் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தன. நேசையன் இரண்டு தடவை வாசித்தான். "எனக்கென்ன" என்று சொல்லிவிட்டுப் போய் மாட்டுத் தொழுத்தில் நின்றேன். மாடுகளுக்கு மட்டும்தான் தெரியும் நான் அங்கே என்ன செய்தேன் என்று. ஒரு வாரம் கழித்து, "எனக்கு வயசாயிற்று, குமரிமுனையில் கடல் சேருகிற இடத்தைப் பார்க்க வேண்டும், கடற்கரை வழியாகப் போகலாம்" என்றேன். கடற்கரை வழியாகப் போனால் உன் ஊர் நடுவில் வரும். அது எல்லாருக்கும் தெரியும். வாயால் ஒன்று சொல்லி மனதில் ஒன்று வைத்துத்தான் திங்கட்கிழமை காலை வண்டி பூட்டினோம். இரண்டு நாள் வழி, ஞாயிற்றுக்கு முன் போய்ச் சேர்ந்து கால் கழுவி இருக்கலாம் என்பது என் கணக்கு.

செவ்வாய்க்கிழமை தேங்காப்பட்டணத்து ஆற்றுமுகத்துக்கு வந்தால், வண்டி கடத்துகிற சங்காடத்தின் இரண்டு வள்ளங்களில் ஒன்றில் ஓட்டை, அடைக்கிற ஆசாரி கல்யாணத்துக்குப் போயிருக்கிறான். அன்று பகலும் இரவும் கரையில் கிடந்தோம். உன் அம்மை, வயிற்றுக்குச் சுகமில்லை என்று சொல்லி, எங்களுக்கு மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கொடுத்துவிட்டுத் தான் ஒன்றும் தொடாமல் கடலைப் பார்த்து இருந்தாள். புதன்கிழமை சங்காடம் ஏறினோம், செவலைக்காளை நடு ஆற்றில் குதித்துவிட்டது. அது நீந்திக் கரையேறி, நாங்கள் தேடுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று புல் மேய்ந்தது. வியாழக்கிழமை கடையாணி எங்கோ மணலில் கழன்று விழுந்தது. வெள்ளிக்கிழமை முழுவதும் ஒரு கொல்லன் புது ஆணி அடித்தான், அது பெரிதாய்ப் போனதால் அதையே சிறிதாக்கினான், பிறகு அது சிறிதாய்ப் போயிற்று. சனிக்கிழமை ஒருவழியாக வண்டி நகர்ந்து, அந்தியில் உன் ஊருக்கு நாலு மைல் இப்பால் ஒரு தென்னந்தோப்பில் அவிழ்த்தோம்.

இதெல்லாம் இன்றைக்குத்தான் இப்படி வரிசையாகச் சொல்ல வருகிறது. அன்றைக்கு எனக்குக் காளையும் ஆணியும் ஓட்டையும் ஒன்றாய்க் குழம்பிக் கிடந்தன. நேசையன் சோறு உண்டு கை கழுவிக்கொண்டே கேட்டான்:

"அப்பா, நாளைக்கு ஞாயிறு இல்லியா? இப்பளே பூட்டினா ராத்திரிக்குள்ள போய்ச் சேரலாமே."

"நாளைக்குச் சனியாக்கும்."

"இல்லப்பா, எனக்குத் தோணுது இண்ணைக்குத்தான் சனி."

"உனக்குத் தோணுதா? எலே, நீ பிறந்தது எந்தக் கிழமைண்ணு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும்."

"வழியில ஆரிட்டயாவது கேட்டுப் பாப்போம்."

"கிழமை கேக்கதுக்கு நாம என்ன கள்ளு குடிச்சிட்டா வந்திருக்கோம்?"

அவன் வாயை அடைக்க எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. உன் அம்மை எங்கே போனாலும் பிடியரிசிப் பையை விடமாட்டாள் அல்லவா? உலையில் அரிசி போடும் முன் ஆண்டவருக்கென்று ஒரு பிடி எடுத்துப் பையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டு கொட்டுவது. வழியில் ஒரு நாளைக்கு ஒரு பொங்கல்தான், அந்திக்கு. அப்படியென்றால் ஒரு நாளைக்கு ஒரு பிடி. உன் அம்மை பாத்திரம் கழுவக் குளத்துக்குப் போயிருந்த நேரம், நான் பையை எடுத்து நேசையன் முன்னால் பிடி பிடியாக அளந்தேன். அவள் கை சிறிது, என் கை பெரிது, அதற்கும் தள்ளுபடி கொடுத்தேன். ஐந்து பிடி. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. "பாத்தியாலே? மனுசனுக்குத் தப்பும், கர்த்தருக்க அரிசிக்குத் தப்பாது" என்றேன். நேசையன் போய்ப் படுத்தான். நானும் சுகமாக உறங்கினேன்.

மறுநாள் காலை அவசரமில்லாமல் காளைகளைக் குளிப்பாட்டி, கழுத்துமணி துலக்கி, வெயில் ஏறின பிறகு வண்டி விட்டோம். கடற்கரையில் ஒரு கட்டுமரமும் இறங்கவில்லை, எல்லாம் மணலில் கிடந்தன. "சனியாச்சு எண்ணு ஒரு உணர்வுண்டா? சோம்பேறிப் பயக்க" என்றேன். கொஞ்சம் தள்ளி ஆணும் பெண்ணும் வெளுத்த துணியுடுத்து வரிசையாய்ப் போனார்கள்.

"அப்பா, எல்லாரும் துணி வெளுத்து உடுத்திருக்கே."

"கல்யாணமா இருக்கும்."

"மணி அடிக்குதே."

"அப்ப சாவாக்கும்."

"கல்யாணமும் சாவும் ஒரே வீட்டிலயா அப்பா?"

"பேசாம வண்டியை விடு."

உன் அம்மை பின்னால் இருந்து, "கேட்டியளா, இண்ணைக்கு என்ன கிழமை?" என்றாள். நான் சனி என்றேன். நான் சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் இல்லை. மக்களே, இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. ஆண்டவர் எனக்காக ஒரு கடற்கரை முழுக்கக் கட்டுமரத்தை இழுத்துப் போட்டுக் காட்டினார், ஊராருக்குத் துணி வெளுத்துக் கொடுத்துக் காட்டினார், மணி அடித்தும் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு மறுமொழி வைத்திருந்தேன். ஓய்வுநாளை அறுபது வருஷம் காவல் காத்தவன், அது எதிரே நடந்து வந்தபோது ஆளைத் தெரியவில்லை.

பிறகு நடந்ததை நீயே பார்த்தாய். ஆனாலும் என் வாயால் சொல்லாமல் தீராது. உங்கள் கோயில் வளைவு திரும்பினபோது ஆராதனை முடிந்து சபை முழுவதும் முற்றத்தில் நிற்கிறது. நடுவில் நீ, உன் கையில் வெள்ளைத் துணியில் பிள்ளை. பாறசாலையில் இருந்து ஓய்வுநாள் அருமநாயகம் கழுத்துமணி குலுங்க வண்டியில் வருகிறான். அவ்வளவு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ரெத்தினதாஸ் ஓடிவந்து காளைகளுக்குத் தண்ணீர்த்தொட்டியைக் காட்டினான்.

"வாருங்க மாமா. ஐயரு ரெண்டு பாட்டு கூடுதலாப் பாடச் சொல்லிப் பாத்தாரு. பின்ன நேரமாச்சுண்ணு…"

"எதுக்கு? ஞானஸ்நானம் நாளைக்கில்லியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னான், "இண்ணைக்கு ஞாயிறாக்கும் மாமா."

அவன் என்னைக் குத்திச் சொல்லவில்லை. குத்தியிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். நான் பையைத் தூக்கிக் காட்டி, "அஞ்சு பிடி இருக்கே! நான் அளந்தேனே!" என்று சபைக்கு நடுவில் கத்தினேன். அப்போதுதான் உன் அம்மை வண்டிக்குள் எழுந்து நின்றாள்.

"செவ்வாக்கிழமை நான் பொங்கவும் இல்ல, பிடி எடுக்கவும் இல்ல. கிழங்குல்லா அவிச்சேன்."

"வயித்துக்குச் சுகமில்லண்ணு சொன்னியே?"

"பின்ன எப்பிடிச் சொல்லது? உபவாசம் இருந்தேன். ஆருக்குண்ணு கேப்பிய. கேட்டா இவ பேரைச் சொல்லணும். சொல்லக்கூடாதுண்ணு சட்டம் போட்டது நீங்கதானே? ரெண்டு வருசமா எல்லாச் செவ்வாயும் எனக்கு வயித்துக்குச் சுகமில்லாமத்தான் இருக்கு!"

ஊர் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ சக்கரத்துப் பக்கம் வந்து பிள்ளையை எனக்கு நேரே உயர்த்திப் பிடித்தாய். "அப்பா, இஞ்ச பாருங்க" என்றாய். நான் முன்னால் காளையின் முதுகைப் பார்த்துக்கொண்டு, "குமரிக்கு நேரமாச்சு, வண்டியை விடுலே" என்றேன். நேசையன் விடவில்லை. நானே கயிற்றைச் சுண்டினேன்.

ஒரு மைல் தூரம் உன் அம்மையை வைதுகொண்டு போனேன். அவள் மறுவாக்குச் சொல்லவில்லை. பிணங்கியிருக்கிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் வைதேன். நேசையன்தான் சொன்னான், "அப்பா, அம்மை அப்பளே இறங்கியாச்சு" என்று. அவள் மட்டும் இறங்கவில்லை. நான் காளையின் முதுகைப் பார்த்திருந்த நேரத்தில் அரிசிச் சாக்கு, உப்புமாங்காய், கலயம், என் மாற்று வேட்டி எல்லாம் இறங்கியிருந்தன. மிச்சம் என் கையில் இருந்த பிடியரிசிப் பை ஒன்றுதான். திங்கட்கிழமை குமரியில் பசி பொறுக்காமல், இரவல் சட்டியில், கர்த்தருக்கு எடுத்து வைத்த அரிசியையே நேசையன் பொங்கினான். பாதி தீய்ந்தது, பாதி வேகவில்லை. தின்றோம். வந்ததும் பத்துப் பிடியாகக் கோயிலில் கொட்டிவிட்டேன், அது வேறு. குமரியில் கடல்கள் சேருகிற இடத்தைக் காட்டினார்கள். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் அவரவர் சாமியை அழைத்து முழுகினார்கள். எது எந்தக் கடல் என்று நேசையன் கேட்டான். எனக்கு எல்லாம் ஒரே தண்ணீராகத் தெரிந்தது. பாறையில் உட்கார்ந்து கையைப் பார்த்தேன். அரிசி அளந்த கை. பிள்ளையை வாங்காத கை.

மக்களே, ஐயர்கள் பிரசங்கத்தில் கடின இருதயம் என்பார்கள், நான் அது அடுத்த பெஞ்சுக்காரனைப் பற்றி என்று நினைத்திருந்தேன். உன் பெயரை நான் அடைத்தேன், அதனால் உன் அம்மை வாய் அடைபட்டது, அவள் வாய் அடைபட்டதால் என் கணக்கு பிசகிற்று. வேறு யாரையும் குற்றம் சொல்ல ஒரு சந்து விடவில்லை ஆண்டவர். இப்போது மாலை ஜெபத்தில் உன் பெயரைச் சொல்கிறேன், ரெத்தினதாஸ் பெயரும் சொல்கிறேன். அடுத்த இடத்துக்கு வந்தால் நின்றுபோகிறது. பிள்ளைக்கு என்ன பெயர் விட்டீர்கள் என்று கேட்கக்கூட நான் நிற்கவில்லையே. "அந்தப் பிள்ளை" என்று சொல்லி முடிக்கிறேன். கர்த்தருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

ரெத்தினதாசிடம் சொல், தாய்க்காக வண்டி பூட்டினவன்மேல் நான் படலைச் சாத்தியது தப்பு என்று. இதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு முகம் இல்லை. ஆகையால் நான் அங்கே வருவதாக இல்லை. நீங்களும் அழைக்க வேண்டாம். உன் அம்மைக்கு எப்போது மனம் வருகிறதோ அப்போது வரட்டும், அவசரமில்லை. கஞ்சி வைக்க நான் படித்துக்கொண்டேன். இனி எனக்குக் குமரியும் வேண்டாம், வழியும் வேண்டாம். மிச்சமுள்ள நாளைப் பாறசாலையில் இருந்தே கழிப்பேன், இதுவே என் கடைசித் தீர்மானம். பிள்ளையின் பெயரை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அஞ்சலில் விடு.

பிள்ளையையும் உங்கள் எல்லாரையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. என் கை உதவவில்லை, அவர் கை உதவட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
அருமநாயகம் (விரல் அடையாளம்)

பின்குறிப்பு: நேற்று இதைக் கொண்டு நேசையன் போனபோது அஞ்சல் புறப்பட்டுப் போயாயிற்று, இனித் திங்கட்கிழமைதான் என்றார்களாம். இன்று காலை கோயிலில் இருந்தேன். இரண்டாம் பாட்டு எடுத்தபோது எனக்கு உட்கார முடியவில்லை. ஆராதனை பாதியில் எழுந்து வந்து வண்டி பூட்டச் சொல்லிவிட்டேன். நேசையன், "அப்பா, இண்ணைக்கு ஞாயிறாக்கும்" என்றான். "தெரியும்லே, பூட்டு" என்றேன். சபை முழுக்கக் கோயில் ஜன்னல் வழியாகப் பார்க்கிறது, பார்க்கட்டும். உள்நாட்டு வழியே வருகிறோம், சங்காடம் இல்லை. இந்தக் காகிதத்தை நேசையன் உன் கையில் தரும்போது வண்டி உங்கள் வாசலில் நிற்கும், நான் உள்ளே இருப்பேன். மேலே எழுதினது நீளம், இப்போது படிக்க நிற்காதே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா. நானாக இறங்குவேன் என்று நம்பாதே. முதலில் ரெத்தினதாசை விட்டுக் காளைகளை அவிழ்த்துவிடச் சொல்.